தண்ணீரில் வளரும் மணி பிளாண்டின் இலை மஞ்சளானால்: இராமநாதபுரக் கடற்கரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் சன்னல் ஓரத்துப் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் மணி பிளாண்ட் வளர்ப்பது வழக்கமாகிவிட்டது. வாசலில் இருப்பது உப்பேறிய மணல். அதில் பூச்செடி நட்டுத் தோற்றவர்களுக்குத் தண்ணீரில் வளரும் செடி ஓர் ஆறுதல். அந்தச் செடியின் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது உரம் போடுவதுதான். நானும் அப்படித்தான் செய்தேன்; வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த பாட்டிலில் ஒரு சிட்டிகைக்கு மேல் உரத்தைக் கொட்டினேன், ஒரு வாரத்துக்குள் இருந்த பச்சை இலைகளும் விளிம்பு கருகிச் சுருண்டன. உரமும் ஓர் உப்பே என்பதும், ஏற்கெனவே உவர்த்த நீரில் அதைச் சேர்த்தால் செடியின் தாகம் கூடும் என்பதும் பிறகுதான் புரிந்தன. ஆகவே இந்த வழிகாட்டி உரத்தைக் கடைசிப் படிகளில் ஒன்றாக வைக்கிறது. இந்தக் கரையில் மஞ்சள் இலைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

இங்கே முதன்மையாகப் பேசப்படுவது மணி பிளாண்ட். பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா தீவு அதன் தாயகம். நம் வீட்டுச் சேம்பும் சேனையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. லக்கி பேம்பூ என்று விற்கப்படும் செடி மூங்கில் இனமே அன்று. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிராசீனா வகை. அதற்கும் கீழ்க்காணும் படிகள் பொருந்தும். வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

முதல் படி: எந்த இலை, எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக

பாட்டிலைத் தொடுவதற்கு முன் இலையைப் படிக்க வேண்டும். கொடியின் அடியில் உள்ள ஒற்றை இலை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மஞ்சளாகி விழுவது மூப்பு. நுனியில் புது இலை விரிந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முழுப்பரப்பிலும் சீராக வெளிறி மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதிய தளிருக்குக் கொடுக்கும் இயல்புடையது என்பதால் குறை முதலில் கீழே தெரிகிறது. மக்னீசியமும் அவ்வாறே நகரும். ஆனால் அது குறைந்தால் பழைய இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்புச் சத்து அப்படி நகராது. எனவே நுனித் தளிரே மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பிறந்து, அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்பு எட்டவில்லை என்று கொள்ளலாம்.

விளிம்பும் நுனியும் பழுப்பாகக் கருகி, அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். காம்பு துவண்டு, தொட்டால் குழகுழவென்று இருந்து, ஒரே வாரத்தில் பல இலைகள் மஞ்சளானால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தால் அது சூட்டுக் காயம். மணி பிளாண்டின் சில வகைகளில் பொன்னிறத் திட்டுகள் இயல்பாகவே உண்டு என்பதால், நோயென்று முடிவு செய்வதற்கு முன் செடி வாங்கியபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: வேரை வெளியே எடுத்துப் பார்த்தல்

செடியைப் பாட்டிலிலிருந்து மெதுவாக உருவி, ஒரு வெள்ளைத் தட்டில் கிடத்திப் பாருங்கள். நலமான வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும். விரலால் அழுத்தினால் விறைப்பாக நிற்கும். நோயுற்ற வேர் கரும்பழுப்பாகி வழவழக்கும். இழுத்தால் மேல்தோல் கழன்று, உள்ளே நூல் போன்ற நார் மட்டும் மிஞ்சும். பிறகு பாட்டிலின் வாயை முகர்ந்து பார்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் அடியில் உயிர்வளி (ஆக்சிஜன்) தீர்ந்துவிட்டது என்று பொருள். காரங்காட்டு அலையாத்திச் சேற்றில் கால் வைத்தால் கிளம்புகிற அதே வாடை அது. காற்றில்லாத இடத்தில் நீரிலுள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இந்த வாயு உண்டாகிறது.

அலையாத்தி மரம் அந்தச் சேற்றிலேயே எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்: வேர்களைப் பென்சில் முனை போல மேலே நீட்டி மூச்சு விடுகிறது. மணி பிளாண்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் வேர் மூச்சு விடுவது நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை நம்பித்தான். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியை வைத்திருக்கும். 35 பாகையில் அது 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பம் கூடும்போது வேரின் மூச்சுத் தேவையும் அழுகல் நுண்ணுயிர்களின் பசியும் சேர்ந்தே கூடுகின்றன. சித்திரை, வைகாசியில் மட்டும் பாட்டில் செடிகள் திடீரென்று நாறுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி: தண்ணீரை அறிதல்

இதுவே இந்தக் கரைக்கு உரிய படி. மற்றவற்றைவிட இதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். நம் வீடுகளில் ஒரே நாளில் நான்கு விதத் தண்ணீர் புழங்குகிறது: குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், வீட்டுக் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர், விலைக்கு வாங்கும் கேன் தண்ணீர், மழைக்காலத்தில் மொட்டைமாடியிலிருந்து பிடித்த நீர். பாட்டிலில் எதை ஊற்றினோம் என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. கைக்கு எட்டிய குடத்திலிருந்து ஊற்றியிருப்போம்.

கிணற்று நீரின் குணம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே குடிக்கத்தக்க ஊற்று வருகிறது. அது மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதால் கிடைப்பது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சமாக இருக்கும்: கோடையில் இறைத்து மேலே ஓரடி வற்றினால், கீழிருந்து உப்புநீர் பல அடி ஏறிவரும். மார்கழியில் செடி செழித்த அதே கிணற்று நீரில் வைகாசியில் செடி கருகுவது கைராசிக் குறையன்று.

உப்பு செடியை எப்படி வருத்துகிறது என்பதைக் கருவாடு போடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மீனில் உப்பைத் தடவினால் மீனின் உள்ளே இருக்கும் நீர் வெளியே வடிகிறது. பாட்டிலில் உப்பு கூடும்போது அதே இழுவிசை வேருக்கு எதிராக நிற்கிறது. நீருக்குள்ளேயே நின்றுகொண்டு செடி தாகத்தால் வாடுகிறது. போதாக்குறைக்குச் சோடியமும் குளோரைடும் இலைக்கு ஏறி விளிம்புகளில் சேர்ந்து, அங்கே எரிச்சலை உண்டாக்குகின்றன.

நீரை அளக்க, அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் என்ற சிறு கருவி போதும். கேன் தண்ணீர் போடுகிறவரிடம் கேட்டால் அவரே அளந்து சொல்லக்கூடும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. மனிதர் குடிக்கலாம் என்பதால் பாட்டில் செடியும் தாங்கும் என்று எண்ணக் கூடாது. என் அனுபவத்தில் 300-க்குள் இருந்தால் கவலையில்லை. 600 வரை வாரந்தோறும் முழுவதும் மாற்றிச் சமாளிக்கலாம். 1000-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தனியாகப் பயன்படுத்தவே கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு கரண்டி நீரைச் சுத்தமான எவர்சில்வர் தட்டில் விட்டு நிழலில் காய வைக்கலாம். மெல்லிய மங்கல் மட்டும் மிஞ்சினால் தாழ்வில்லை. விரலில் ஒட்டும் வெள்ளைப் படிவு மிஞ்சினால் வேறு நீர் தேட வேண்டும்.

அடுத்து, பலரும் அறியாமல் செய்யும் ஒரு தவறு. பாட்டிலில் நீர் குறையக் குறைய மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருப்போம். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு பாட்டிலிலேயே தங்கும். 600 மில்லிகிராம் உப்புள்ள ஒரு லிட்டர் நீரில் அரை லிட்டர் ஆவியாகி, அதே நீரால் நிரப்பினால் அளவு 900 ஆகிறது, மறுமுறை 1200, நான்காம் முறை முடிவில் 1800. ஆகவே இந்தக் கரையில் பாட்டிலை நிரப்புவது பராமரிப்பு ஆகாது. பழைய நீரை முழுவதும் கொட்டிப் புது நீர் ஊற்றுவதே சரி.

இனி எந்த நீரை எடுப்பது? காவிரிக் குடிநீர் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அதில் கலந்த குளோரின் வெளியேற, வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றினால் போதும். மழைநீர் மிக நல்லது, ஆனால் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மாதக்கணக்கில் மொட்டைமாடியில் படியவிட்ட உப்பும் தூசும் அதில்தான் கழுவி வரும். கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதே காரணத்தால் செடிக்குத் தேவையான சுண்ணாம்பும் மக்னீசியமும்கூடப் பெரும்பாலும் இல்லை. ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினா வகை ஒன்றை மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்ட மண் கலந்த நீர் ஆகியவற்றில் தனித்தனியே வளர்த்துப் பார்த்து, முடிவுகளை 1699-இல் வெளியிட்டார். மழைநீரில் வளர்ச்சி குறைவாகவும், மண் கலந்த நீரில் மிகுதியாகவும் இருந்தது. கேன் தண்ணீர்ச் செடி ஆறேழு மாதங்களில் மெல்ல வெளிறுவதும் அதே கதைதான். அதற்கு ஓர் எளிய வழி கலப்பு: 1200 அளவுள்ள கிணற்று நீர் ஒரு பங்கும் 50 அளவுள்ள கேன் தண்ணீர் மூன்று பங்கும் சேர்த்தால் ஏறத்தாழ 340-இல் நிற்கும்.

லக்கி பேம்பூவுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. டிராசீனா வகைகள் புளோரைடைத் தாங்குவதில்லை, நுனி கருகும். புளோரைடு, திறந்து வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆழ்துளை நீரை அதற்கு அறவே தவிர்த்து, மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: பாட்டிலில் போட்ட அழகுப் பொருள்களை எடுத்தல்

கடற்கரையில் வாழும் நமக்கு உரிய சிக்கல் இது. அழகுக்காகச் சிப்பி, சோழி, சங்கு, உடைந்த பவளத் துண்டு ஆகியவற்றைப் பாட்டிலின் அடியில் போடுகிறோம். இவை அனைத்தும் சுண்ணாம்பு. மெதுவாகக் கரைந்து நீரைக் காரமாக்கும். காரமான நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்காது. தளிர் மஞ்சளாகப் பிறக்கும். எவ்வளவு உரம் ஊற்றினாலும் அந்தத் தளிர் தேறாது. பவளத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம், மன்னார் வளைகுடாவின் கரையில் இருந்துகொண்டு அதை எடுத்து வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். கல் வேண்டுமென்றால் ஆற்றுக் கூழாங்கல்லைப் பயன்படுத்துங்கள். ஐயமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைக் கல்லின் மேல் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

ஐந்தாம் படி: அறுவை

அழுகிய வேர்களைச் சுடுநீரில் கழுவித் துடைத்த கத்தரிக்கோலால், நலமான பகுதி தொடங்கும் இடம் வரை வெட்டி எறியுங்கள். தண்டும் பழுப்பாகியிருந்தால் விறைப்பான பச்சைப் பகுதிக்கு ஏறி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். கணு இல்லாத துண்டு வேர்விடாது. முழுவதும் மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவதில்லை, எனவே அதையும் காம்போடு நீக்கிவிடலாம். வெட்டும்போது கசியும் சாற்றில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். சேம்பு நறுக்கும்போது கை அரிப்பது போல அரிக்கும். குழந்தைகளும் வீட்டுப் பூனையும் வெட்டிய துண்டுகளை வாயில் வைத்துவிடாமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

பாட்டிலைச் சவர்க்காரமும் பிரஷும் கொண்டு உட்சுவர் முழுவதும் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தேய்ப்பது முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிவைக்கும். அவை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். நீரை மட்டும் மாற்றிச் சுவரைத் தேய்க்காமல் விட்டால் கொசு வளர்ப்பு தொடரும்.

திரும்ப வைக்கும்போது பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வேரின் கீழ் மூன்றில் இரண்டு பங்கு நீரிலும் மேல் பங்கு காற்றிலும் இருக்கட்டும். எந்த இலையும் நீரில் மூழ்கக் கூடாது. பாட்டில் வாயில் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டலாம். கண்ணாடி தெளிவாக இருந்தால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். பாசி சத்தைப் பங்கு போடுவதோடு இரவில் உயிர்வளியையும் எடுத்துக்கொள்ளும். பாட்டிலைச் சுற்றி ஒரு பனையோலைக் கூடையோ துணியோ இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆறாம் படி: இடம்

காலை வெயில் மெதுவாகப் படும் கிழக்குச் சன்னலுக்கு இரண்டு மூன்று அடி உள்ளே வைப்பது உகந்தது. மேற்குச் சன்னல் வேண்டாம். பிற்பகலில் பாட்டில் நீர் கைச்சூட்டுக்கு மேல் போய்விடும். கடலைப் பார்த்த சன்னலில் வைத்தால் வேருக்கு எவ்வளவு நல்ல நீர் கொடுத்தாலும் உப்பங்காற்று இலையில் படியும். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் நாள்களில், வாரம் இருமுறை இலைகளின் இரு பக்கங்களையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: இப்போதுதான் உரம்

புதிய வெள்ளை வேர் முனை தெரிந்த பிறகே உரம் தர வேண்டும். இந்த வெப்பத்தில் அதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். உரக்கடையில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தில் ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தனிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் லிட்டரை எடுத்து முக்கால் லிட்டர் நல்ல தண்ணீரோடு சேர்த்தால், லிட்டருக்குக் கால் கிராம் என்ற மென்மையான கரைசல் கிடைக்கும். நீர் மாற்றும்போது மாதம் ஒருமுறை மட்டும் வெறும் நீருக்குப் பதில் இதை ஊற்றினால் போதும். வயலில் தெளிக்கும் அளவைப் பொட்டலத்தில் பார்த்து அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

இந்த உரத்தில் மக்னீசியம் பொதுவாக இருப்பதில்லை. பழைய இலையில் நரம்பிடை மஞ்சள் கண்டவர்கள் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) ஒரு சிறு சிட்டிகை சேர்க்கலாம். தளிரில் மஞ்சள் கண்டவர்கள் நான்காம் படியை முடித்துவிட்டு, அதன் பிறகும் தேறாவிட்டால் மட்டும் நீரில் கரைந்தே நிற்கும் கீலேட் வடிவிலான இரும்பை மிகக் குறைந்த அளவில் கொடுக்கலாம். துருப்பிடித்த ஆணியைப் பாட்டிலில் போடும் பழக்கத்தால் பயனில்லை. துரு நீரில் கரைவதில்லை.

சமையலறை உரங்களைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அரிசி கழுவிய நீர், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை ஆகிய எல்லாமே பாட்டிலில் அழுகி, வேருக்கு உரிய உயிர்வளியைத் தின்றுவிடும். நம் பக்கம் மீன்கழிவும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் மீன் அமிலம் மண்ணில் அருமையாக வேலை செய்கிறது. பாட்டிலில் ஊற்றினால் மறுநாள் வீட்டில் யாரும் இருக்க முடியாது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் கடற்பாசியின் சாறும் திரவ உரமாகப் பயன்படுகிறது. அது கடல் உப்போடு வருவது என்பதால் நன்கு நீர்த்து இலையில் தெளிக்கலாமே தவிர, பாட்டிலில் சேர்க்க நான் துணியமாட்டேன்.

எட்டாம் படி: வாரக் கணக்கு

கொசு முட்டை பொரித்து, கொசுவாகிப் பறக்க வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே ஆறு நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுவது செடிக்கும் வீட்டுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. சித்திரை, வைகாசியில் நான்கு நாள்களுக்கு ஒருமுறை மாற்றலாம். கொட்டும் நீரை வீணாக்க வேண்டியதில்லை. உப்பு குறைந்ததாக இருந்தால் முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றலாம், அதிலுள்ள சிறிதளவு உரமும் அங்கே பயன்படும்.

லக்கி பேம்பூவில் இலைக்குப் பதில் தண்டே மஞ்சளானால் அந்தத் தண்டைக் கட்டிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். அழுகல் ஒரே பாட்டிலில் உள்ள மற்ற தண்டுகளுக்கும் பரவும். மஞ்சள் தண்டின் உச்சியில் பச்சைக் குருத்து இருந்தால், அதை மட்டும் விறைப்பான இடத்தில் வெட்டித் தனிக் குவளையில் வேர்விடச் செய்யலாம்.

மணி பிளாண்ட் தேறும்போது வரும் முதல் இலை பெரும்பாலும் சிறியதாகவும் சற்று வெளிறியும் இருக்கும். அது நோயின்போது உருவான அரும்பு என்பதால் அதைக் கண்டு மறுபடியும் உரம் ஊற்றிவிடாதீர்கள். இரண்டாவது இலையைப் பாருங்கள். அது முதல் இலையைவிடப் பெரிதாக விரிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த நீர் செடிக்கு ஒத்துக்கொண்டது; எந்தக் குடத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பாட்டிலின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறொருவர் ஊற்றும்போது உதவும்.